கீழாநெல்லியும் அதன் உடன்பிறப்பும்

ஜாசின் வட்டாரத்து இரப்பர்த் தோட்டமொன்றில் நான் வளர்ந்த நாளில், யாருக்கேனும் மஞ்சட்காமாலை கண்டால், அம்மா லயத்துக் கோடியில் குனிந்து ஒரு பிடி கீழாநெல்லி பறித்து வருவார். அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். அந்தப் பழக்கத்தையே தாவரவியல் அறிவென்று நம்பிப் பல்லாண்டு மாணாக்கருக்குக் கற்பித்து வந்தேன்.

ஒருநாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி பள்ளித் திடலில் பிடுங்கிய இரு செடிகளை என் மேசைமேல் வைத்தாள். "ஐயா, இரண்டும் கீழாநெல்லி என்றீர்களே! இது மட்டும் ஏன் சிவந்திருக்கிறது?" என்றாள். "வெயிலால்" என்று சொல்லித் தப்பினேன். அவள் விடவில்லை. "பாட்டி அப்பாவுக்கு இதைத்தான் அரைக்கப் போகிறார்" என்றாள். அன்று மாலைதான் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கையிலெடுத்தேன்.

பச்சைத் தண்டுடையதன் காய் வழுவழுப்பானது; சிறு காம்பில் தொங்குவது. சிவந்ததன் காயோ சொரசொரப்பானது. காம்பே இல்லையெனும்படி கிளையோடு ஒட்டியிருந்தது. முன்னதன் பூவில் இதழ் போன்றவை ஐந்து, பின்னதில் ஆறு. முன்னது ஃபில்லாந்தஸ் அமாரஸ். பின்னது ஃபில்லாந்தஸ் யூரினேரியா. இலைக்கடியில் காய் சுமப்பது இரண்டுக்கும் பொது. மலாய்க்காரர் 'டுக்கோங் அனாக்' என்பர். பிள்ளையைச் சுமத்தல் என்பது பொருள். தமிழாசிரியன் சொல்லலாகாதுதான், எனினும் அப்பெயரே எனக்கு அழகாகப் படுகிறது.

அறிஞரும் இதில் தடுமாறியதுண்டு. லின்னேயஸ் 1753இல் சூட்டிய 'நிரூரி' என்ற பெயரையே நம் செடிக்கும் வழங்கி வந்தனர். உண்மை நிரூரி அமெரிக்கச் செடி என 1950களில் வெப்ஸ்டர் காட்டினார். இந்தியாவில் அப்பெயரால் வழங்கியவை மூன்று தனித்தனி இனங்கள் என 1985இல் மித்ராவும் ஜெயினும் தெளிவுபடுத்தினர். அமாரஸும் அமெரிக்காவிலிருந்து பரவியதே என்பர். அம்மாவின் மூலிகையும் எங்களைப் போலவே கடல் கடந்து வந்ததுதான்!

பெயர்ச்சண்டைதானே என்று தள்ளவும் இயலாது. சென்னைச் சோதனையொன்றில் அமாரஸ் உண்ட 37 பேருள் 22 பேரிடம் ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988இல் 'லான்செட்' இதழில் செய்தி வந்தது. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. உண்டது எந்த இனம் என்று தெரியாவிடில் ஒப்பிடுவதுதான் எங்ஙனம்?

மறுநாள் வகுப்பில் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். மாலையில் அம்மாணவியின் வீடு சென்று, மகனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுமாறு பாட்டியிடம் வேண்டினேன். சென்றார்கள். பாட்டியின் பையில் செடியும் உடன் சென்றது. எந்தச் செடி என்று நான் கேட்கவில்லை.