சங்கப் பேரேடுகள் கணனிக்குப் போன கதை



இடப்பெயர்வில் எதையெல்லாம் இழந்தோம் என்று கணக்குப் பார்த்தால் வீடும் நகையும் தளபாடமுமே முதலில் நினைவுக்கு வரும். கடதாசிகளின் பெறுமதி பிறகுதான் தெரியும். ஏதாவதோர் அலுவலகத்தில் போய் நிற்கும்போது "அத்தாட்சி இருக்கோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலின்றித் திரும்பிய பெண்கள் நம்மில் எத்தனையோ பேர்.

நான் வலிகாமத்திலுள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். சங்கக்கடை என்றால்தான் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, அன்றைய முகாமையாளர் சில பேரேடுகளைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் தென்மராட்சிக்குக் கொண்டு சென்றாராம். விட்டுச் சென்றவற்றில் பெரும்பகுதியைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சிய 43 புத்தகங்களைக் கணனியில் பதியும் வேலை எனக்கும் என்னுடன் வேலை செய்யும் தங்கைக்கும் கிடைத்தது.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் மெல்லிய தூரிகையால் தூசி தட்டினோம். துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றினோம். ஈரம் பட்ட தாள்களை வெயிலில் போடாமல் நிழலில் காயவிட்டோம். தனித் தாள்களை ஸ்கேனரில் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற அளவில் பதிந்தோம். கட்டுத் தளர்ந்த புத்தகங்களை அழுத்தினால் முதுகு உடைந்துவிடும். ஆகையால் அவற்றை யன்னல் வெளிச்சத்தில் விரித்து வைத்து மேலிருந்து படம் எடுத்தோம். ஒவ்வொரு படத்திற்கும் ஆண்டு, புத்தக இலக்கம், பக்க இலக்கம் என்ற ஒழுங்கில் பெயரிட்டோம். பின்பு அங்கத்தவர் பெயரையும் இலக்கத்தையும் தட்டச்சுச் செய்து ஓர் அட்டவணை தயாரித்தோம். ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பார். ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தபடியால் தகப்பன் பெயரையும் சேர்த்தோம். எழுத்துப் பிழையென்று தெரிந்தாலும் புத்தகத்தில் இருந்தபடியே பதிந்து, பக்கத்தில் குறிப்பு எழுதினோம். பழைய பதிவைத் திருத்த எங்களுக்கு உரிமை இல்லை.

வேலை பாதியில் இருக்கும்போது ஓர் அக்கா வந்தார். அவருடைய கணவர் 2009 இல் வன்னியில் இறந்தவர். சேமிப்புப் புத்தகம் எந்த இடப்பெயர்வில் தொலைந்தது என்று கூட அவருக்குத் தெரியாது. முன்பு இரண்டு தடவை வந்து, பதிவு இல்லையென்று கேட்டுத் திரும்பியவர். "தங்கச்சி, இவற்றை பேர் எங்கயாவது கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார். அட்டவணையில் தேடினோம். 1987 ஆம் ஆண்டுப் பேரேட்டில் பெயர் இருந்தது. தமக்குப் பின் பணம் மனைவிக்கே சேரவேண்டுமென அவர் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். தொகை பெரிதல்ல. ஆனால் அக்கா பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தக் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். "ஒரு கொப்பி எடுத்துத் தருவியளோ?" என்று மட்டும் கேட்டார். அவர் கையெழுத்து வேறெங்கும் மிஞ்சியிருக்கவில்லையாம்.

வேலை முடிந்ததும் இன்னொரு பிரச்சினை வந்தது. "பிள்ளை, கணனியில ஏத்தியாச்சுத்தானே, இனி இந்தக் குப்பை ஏன்? எரிச்சால் அறை ஒண்டு மிஞ்சும்" என்றார் நிர்வாக சபையிலிருந்த ஒரு பெரியவர். நான் மறுத்தேன். "ஐயா, கணனியும் பழுதாகும். படத்தில சந்தேகம் வந்தால் எதை வைச்சு ஒப்பிடுறது?" என்று கேட்டு, அந்த அக்காவின் விடயத்தையும் சொன்னேன். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவொன்றைத் தள்ளிவிட முடியாது என்கிறது. ஆனால் மரணசாசனம், தத்துவப்பத்திரம், காணி விற்பனை ஒப்பந்தம் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. ஆகவே எல்லாக் கடதாசியையும் ஒரே மாதிரி நினைக்கக்கூடாது. கடைசியில் பேரேடுகளை நிலத்தில் படாமல் இரும்பு அலுமாரியில் வைக்கச் சபை சம்மதித்தது. கணனிப் பிரதி ஒன்று அலுவலகத்திலும் இன்னொன்று வேறு கட்டடத்திலும் இருக்கின்றன. அங்கத்தவரின் விபரம் அவருக்கோ உரித்துடையவருக்கோ தவிர வேறெவருக்கும் காட்டப்படமாட்டாது.

சகோதரிகளே, தையல் கடையோ கோழி வளர்ப்போ சிறுகடையோ நடத்தும் உங்களிடமும் கொப்பிகள் இருக்கும். கடன் கொடுத்த கணக்கு, கடன் கட்டிய பற்றுச்சீட்டு, காணி உறுதி, பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியிலாவது தெளிவாகப் படம் எடுங்கள். ஒரு பிரதியை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். மூலப் பத்திரங்களைப் பொலித்தீன் உறையில் இட்டு உயரமான இடத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்கும் அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள். ஒரு பின்னேரம் போதும், இதைச் செய்துவிடலாம்.