பூஜ்யம் போட்டது யாரு?

உங்க மொபைல்ல எத்தனை நம்பர் இருக்கும்? ஐந்நூறு? ஆயிரம்? சரி, போன ஆறு மாசத்துல முக்கியமான விஷயங்களை எத்தனை பேர்கிட்ட மனசு விட்டுப் பேசினீங்க? இப்ப கணக்கு இடிக்குதுல்ல!

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக எங்க ஆய்க்குடி பசங்க, பொண்ணுங்ககிட்ட ஆன்லைன் படிவத்துல நாங்க கேட்ட கேள்வி இதுதான். ஈஸியான வேலைன்னு நினைக்காதீங்க. பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிற ஊர். பாலா, சுப்பு, மணி, முருகன்னு பதில் வந்து குவியும். இதெல்லாம் ஒரே ஆளா, நாலு பேரா? அதனால பெயர் பக்கத்துலயே உறவு, வயசு, எப்படிப் பழக்கம்னு கேட்டு வெச்சோம். பிரிச்சு முடிச்சதும் பெயரை எடுத்துட்டு நம்பர் போட்டாச்சு. பெயர் சொன்னவர் சம்மதிச்சார். சொல்லப்பட்டவரை யாரும் கேட்கலையே!

பெயரைக்கூடப் பிரிச்சிடலாம் பாஸ். பெரிய தலைவலி, காலியா வர்ற படிவம். ஆள் இல்லையா, எழுத அலுப்பா?

இந்த ஒரு சந்தேகத்துல அமெரிக்காவே குழம்பியிருக்கு. இதே கேள்வியை அங்க 1985-லயும் 2004-லயும் தேசிய சர்வேயில கேட்டாங்க. 'யாரும் இல்லை' என்றவர்கள் பத்தில் ஒருவராக இருந்தது, நாலில் ஒருவராக ஆகிவிட்டது என்று 2006-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. 'தனிமையில் அமெரிக்கா'ன்னு ஒரே பரபரப்பு. அப்புறம் பார்த்தா, 41 பேரோட விடுபட்ட பதில் பூஜ்யமா பதிவாகியிருக்கு! பேட்டி எடுத்த சிலரிடம் மட்டும் பூஜ்யம் அளவுக்கு மீறி வந்திருப்பதை 2013-ல் இன்னொரு ஆய்வு காட்டியது. ஒவ்வொரு பெயருக்கும் துணைக் கேள்விகள் உண்டு. பெயரே இல்லேன்னா பேட்டி சீக்கிரம் முடிஞ்சிடும். புரியுதா?

ஆன்லைன்லயும் அதே தந்திரம்தான். பெயர் கூடினா கேள்வி கூடும்னு தெரிஞ்சா, ரெண்டோட நிறுத்திடுவாங்க. அதனால முதல்ல பெயர்களை மட்டும் வாங்கிட்டு, மற்ற கேள்விகளை அடுத்த பக்கத்துல வெச்சோம். 'யாரும் இல்லை', 'சொல்ல விருப்பமில்லை'ன்னு ரெண்டு கட்டம் தனித்தனியா கொடுத்தோம். எதையும் தொடாம விட்டா, அது விடுபட்ட பதில். மூணையும் ஒரே பூஜ்யமாக்கக் கூடாது.

ஆனா படிவம் முழுக்கப் பொறுமையா நிரப்பிட்டு, 'யாரும் இல்லை'யை மட்டும் டிக் பண்ணினவங்க சிலர் இருந்தாங்க. அதுல அலுப்பு இல்லை, நிஜம். தங்களைப் பத்தி பெயர் கேட்காத படிவம்கிறதால, அவங்க யாருன்னு எங்களுக்கே தெரியாது. ஆனா லிங்க் போனது எங்க வாட்ஸ்அப் குரூப்புகளுக்குத்தான். தினமும் அதுல குட்மார்னிங் போடுற யாரோ ஒருத்தர்தான் அது.

அந்த வரிசையை 'பயன்படாத டேட்டா'ன்னு அழிச்சிருந்தா, எங்க ரிப்போர்ட்டுல ஆய்க்குடியில எல்லாருக்கும் ஆள் இருந்திருக்கும். சர்வே எடுக்கப் போற நண்பர்களே, காலியா இருக்கேன்னு எதையும் அவசரப்பட்டு டெலீட் பண்ணிடாதீங்க. சர்வே எடுக்காதவங்க, ரொம்ப நாளா பேசாத ஒரு நம்பருக்கு இன்னிக்கே ஒரு போன் போட்டுடுங்க!