அப்பா வாங்காத சட்டைத்துணி

சித்திரை பிறந்துவிட்டால் ஊரிலிருந்து போன் பண்ணும் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். "உனக்கென்னப்பா, கேரளா! குளுகுளுன்னு இருப்ப." நான் இருப்பது பாலக்காடு என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர்கள் மனதில் ஓடுவது மழையும் படகு வீடும்தான்.

அவர்கள் மேலும் தப்பில்லை. என் முதல் கேரளா போஸ்டிங் இடுக்கி மாவட்டம், மூணாறு பக்கம். சுமார் 1,500 மீட்டர் உயரம். காலையில் ஸ்வெட்டரோடு போய் கிளையைத் திறந்த காலம். மூன்று வருஷம் கழித்து பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தது. மறையூர், சின்னாறு வழியாக இறங்கினால் உடுமலை, பொள்ளாச்சி, அப்புறம் மறுபடியும் கேரளா. கேரளாவிலிருந்து கேரளாவுக்குப் போக நடுவில் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும்! உடுமலையில் டீ குடிக்கும்போது ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் எங்கள் கும்பகோணம் அங்கிருந்து இன்னும் எத்தனையோ மணி நேரம்.

மலையிலிருந்து என்னோடு இறங்கியவை எட்டு சட்டைகள். எல்லாமே கலப்புத் துணி. கசங்காது, சீக்கிரம் காயும், அயர்ன் வேண்டாம். மூணாறு மழைக்கு அதைவிட வசதி கிடையாது. பாலக்காட்டில் முதல் மார்ச் மாதம், கொழிஞ்சாம்பாறை பக்கம் விவசாயக் கடன் விஷயமாக ஒரு ஃபீல்டு விசிட் போனேன். அரை மணி நேரத்தில் முதுகில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

இந்த ஊர் வெயிலுக்குக் காரணம் உண்டு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. கோயம்புத்தூர் பக்கத்து வறண்ட காற்று அது வழியாக நேராக உள்ளே வரும். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காடு மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கையே வந்தது.

அந்த வாரம்தான் அப்பா மயங்கிவிட்டார்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். அப்போது 74 வயசு. காலையில் முடிவெட்டிக்கொள்ளப் போனவர், திரும்பும்போது பதினொன்றரை மணி. வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டார். தெரிந்த ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு எனக்கு போன் பண்ணினார். நான் போய்ச் சேரும்போது நர்ஸ் சட்டையைக் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தார். கையில் எடுத்தேன். உள்பக்கம் சொதசொதவென்று ஈரம். தொட்டதுமே எந்தச் சட்டை என்று தெரிந்துவிட்டது. போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்தது. கசங்காத ரகம், நல்ல பளபளப்பு, விலையும் அதிகம்.

சலைன் ஏற்றி சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: வயசானால் தாகம் சரியாகத் தெரியாது, நேரம் பார்த்து தண்ணீர் குடிக்க வேண்டும், உச்சி வெயிலில் வெளியே போகக் கூடாது, மெல்லிய காட்டன் தவிர வேறு போடக் கூடாது.

ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே. அவர் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 36 வருஷம் சேல்ஸ்மேனாக இருந்தவர். "உங்களுக்குத் தெரியாத துணியாப்பா? அப்புறம் ஏன் எப்பப் பார்த்தாலும் டெரிகாட்டன்?"

"தெரியும்ப்பா. காட்டன் சட்டை ஒன்றரை வருஷம் வந்தா பெரிசு. டெரிகாட்டன் அஞ்சு வருஷம் உழைக்கும். அயர்ன் காசும் மிச்சம். நீ பி.காம் முடிச்சதெல்லாம் அந்த மாதிரி மிச்சம் பிடிச்சதுலதான்."

அதற்கு மேல் என்ன கேட்பது?

அடுத்து வந்த வங்கி விடுமுறை சனிக்கிழமை அவரை ஹான்டெக்ஸ் கடைக்கு அழைத்துப் போனேன். உள்ளே நுழைந்ததும் பழைய சேல்ஸ்மேன் திரும்பி வந்துவிட்டார். அன்றைக்கு அவர் எனக்கு எடுத்த பாடத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கணும். மாவு மாதிரி உதிர்ந்தால் கஞ்சி. கஞ்சி போனதும் துணி தொளதொளத்துவிடும். அப்புறம் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கணும். இழைகளுக்கு நடுவில் ஒரே சீராக வெளிச்சம் தெரிந்தால் காற்று போகும். கவுண்ட் கேட்டு வாங்கணும். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ சிட்டம் எத்தனை இருக்கிறதோ அதுதான் கவுண்ட். எண் கூடக் கூட நூல் மெலிசு. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் காட்டன் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரண்டுவிடும். (இதைக் கடையிலேயே செய்து பார்க்காதீர்கள்!) தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைக்கணும், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். வெளிர் நிறம், தொளதொளப்பான தையல், அரைக்கை. லினன் இன்னும் நல்லது, ஆனால் விலையும் கசங்கலும் ஜாஸ்தி.

வீட்டுக்கு வந்து நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். சாதாரணக் காற்றிலேயே 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். பாலக்காட்டுக் காற்று வறண்டது என்பதால் மெல்லிய காட்டன் நனைந்த வேகத்திலேயே காய்ந்தும்விடும்.

கடையில் நடந்ததை முடிக்கவில்லையே. விற்பனையாளர் 80 கவுண்ட் துணி ஒன்றை எடுத்துப் போட்டார். அப்பா அதைத் தடவிக்கொண்டே இருந்தார். "இந்த ரகத்த எத்தன பேருக்குக் கிழிச்சுக் கொடுத்திருப்பேன்" என்றார். பிறகு விலையைக் கேட்டார். அழகாக மடித்துத் திருப்பி வைத்துவிட்டார்.

அந்தத் துணியில் அவர் தனக்கென்று ஒரு சட்டை கூடத் தைத்துக்கொண்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் என் காமர்ஸ் மூளையைத்தான் உபயோகித்தேன். "அப்பா, ஆஸ்பத்திரி பில்லுக்கு இந்தச் சட்டை அஞ்சு வந்திருக்கும். தேய்மானத்த மட்டும் பார்த்தா கணக்கு தப்பும்." சிரித்துவிட்டார். மூன்று சட்டைக்கு எடுக்கச் சொன்னேன், இரண்டு போதும் என்றார். இரண்டு எடுத்தோம்.

தையற்காரரிடமிருந்து வந்த அன்று சாயங்காலம் ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, "காத்து வருதுப்பா" என்றார். பழைய டெரிகாட்டன் சட்டைகளை அவரே மடித்துப் பெட்டியில் வைத்தார். "மூணாறு போனா ஆகும்."

துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கு என்று நாம் எடுப்பது பெரும்பாலும் பளபளப்பான, கசங்காத சட்டைதான். நம் பிள்ளை வாங்கிக் கொடுத்தது என்று அதைத்தான் அவர்கள் வெளியே போகும்போதெல்லாம் போடுவார்கள், வெயிலானாலும். இந்தத் தடவை அவருக்கு எடுக்கும் முன் ஒரு தரம் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.