கற்கள் சொல்லும் சாட்சி

 

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியையும் சிரியாவையும் உலுக்கிய நிலநடுக்கம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அந்நாட்களில் நமது மத்ரஸாவின் பெற்றோர்களுடைய கைப்பேசிகளிலும் செய்திகள் குவிந்தன. அடுத்த நடுக்கம் எந்த நாளில், எந்த ஊரில் என்று தேதி குறித்துச் சொன்னவையும் அவற்றுள் இருந்தன. பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பலாமா என்று கேட்ட தாய்மார்களுக்கு விடை சொல்வதற்காகவே நாம் நிலவியலைப் படிக்கத் தொடங்கினோம்.

அங்கே பெயர்ந்தது கிழக்கு அனத்தோலியப் பிளவு. அதன் இரு பக்கமும் உள்ள நிலம் மேலும் கீழுமாக அன்றி, ஒன்றையொன்று உரசியபடி பக்கவாட்டில் நகர்கிறது. இத்தகைய பிளவின் அருகே நிலம் நகர்வதோடு நின்றுவிடுவதில்லை. சில இடங்களில் மெல்லத் திரும்பவும் செய்கிறது. மாவை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, ஒரு கையை முன்னும் மறு கையைப் பின்னும் தள்ளினால் உருண்டை சுழல்கிறதல்லவா? அதைப் போன்றதே இது. பல இலட்சம் ஆண்டுகளாக நிகழும் இந்தத் திரும்பலைக் கண்டவர் எவருமில்லை. ஆயினும் கற்கள் அதற்குச் சாட்சி சொல்கின்றன.

எரிமலைக் குழம்பில் மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவின் நுண்துகள்கள் உண்டு. குழம்பு இறுகி, வெப்பம் 580 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, அத்துகள்கள் அக்காலத்துப் புவிக்காந்தத்தின் திசையைத் தம்முள் பதித்துக்கொள்கின்றன. பின்னர் அந்நிலம் எப்படித் திரும்பினாலும் அந்தப் பதிவும் பாறையோடு சேர்ந்தே திரும்புகிறது. வடக்கைக் காட்ட வேண்டிய கல் இன்று கிழக்கைக் காட்டுமானால், இடைப்பட்ட காலத்தில் நிலம் எவ்வளவு திரும்பியது என்பதை அந்த வேறுபாடே சொல்லிவிடும்.

இதற்குத் தெளிவான சான்றாக விளங்குவது அமெரிக்காவின் கலிபோர்னியா. அங்கே சான் ஆண்ட்ரியாஸ் என்னும் பிளவு ஓடுகிறது. அம்மாநிலத்தின் மலைத்தொடர்களில் பெரும்பாலானவை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீள்கின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய சாண்டா மோனிகா முதலிய சில மலைகள் மட்டும் கிழக்கு மேற்காகக் குறுக்கே கிடக்கின்றன. காமர்லிங், லுயெண்டிக் என்னும் இரு ஆய்வாளர்கள் அம்மலைப் பகுதியின் பாறைகளை அளந்து 1979இல் தம் முடிவை வெளியிட்டார்கள். அந்நிலம் கடிகார முள் செல்லும் திசையில் பெருமளவு திரும்பியிருந்தது. பின்வந்த ஆய்வுகள், அம்மலைத்தொடரின் சில பகுதிகள் ஏறத்தாழ 90 பாகை வரை திரும்பியிருப்பதைக் காட்டின. பழைய பாறைகள் அதிகமாகவும் புதியவை குறைவாகவும் திரும்பியிருப்பது, இத்திரும்பல் ஒரே நாளில் நேராமல் படிப்படியாக நிகழ்ந்ததை உணர்த்துகிறது.

எனினும் ஒரு கல் சொல்வதை அவர்கள் உடனே ஏற்றுக்கொள்வதில்லை. நமது உள்ளத்தைத் தொட்டது இதுவே. பாறையைத் துளையிட்டுச் சிறு உருளைகளாக எடுக்கும்போதே, அது நின்ற நிலையைத் திசைகாட்டி கொண்டு குறித்துக்கொள்கிறார்கள். ஒரே இடத்தோடு நில்லாமல் பல இடங்களில் எடுக்கிறார்கள். பிற்காலத்தில் மின்னலாலோ வெப்பத்தாலோ படிந்த காந்தத்தை நீக்குவதற்காக, கல்லைப் படிப்படியாகச் சூடேற்றி ஒவ்வொரு படியிலும் அளக்கிறார்கள். 1949இல் கிரஹாம் என்பவர் ஒரு சோதனையை வகுத்தார். மடிந்து வளைந்த பாறை அடுக்குகளைக் கணக்கில் நேராக்கிப் பார்க்க வேண்டும். அப்போது திசைகள் ஒன்றுபட்டால், காந்தம் மடிப்புக்கு முந்தியது, சாட்சியம் பழமையானது. சிதறினால், அது பின்னர் வந்து ஒட்டியது.

அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த நமது முன்னோர்களின் கவலையும் இதுவேயன்றோ? மூலச் செய்தி எது, இடையில் கலந்தது எது என்று பிரித்தறிவதற்காக ஒரே ஹதீஸுக்காக ஊர் ஊராகப் பயணம் செய்தவர்கள் அவர்கள். மார்க்கம் வேறு, நிலவியல் வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிறுவ நாம் முனையவில்லை. உண்மையைத் தேடுவோருக்கு உரிய பொறுமை இரண்டுக்கும் பொது என்பதே நாம் கூற வருவது.

இறுதியாக ஒன்று. நேர்மையான சாட்சி தான் கண்டதை மட்டுமே சொல்வான். நிலம் கடந்த காலத்தில் எவ்வளவு திரும்பியது என்பதைக் கல் சொல்லும். நாளைய நடுக்கத்தின் நாளைச் சொல்லாது. நிலநடுக்கத்தின் நாளையும் நேரத்தையும் முன்னறிந்து சொல்லும் வழி இன்றுவரை எந்த அறிவியலாளரிடமும் இல்லை. தாய்மார்களுக்கு நாம் அளித்த விடையும் இதுவே: தேதி குறித்து வரும் செய்தியை எவருக்கும் அனுப்பாதீர்கள், பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்புங்கள். வந்த செய்தியைத் தீர விசாரித்தல் சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். வாயில்லாக் கல்லின் சாட்சியத்துக்கே இத்தனை சோதனைகள் உண்டென்றால், விரல் நுனியில் வந்து விழும் ஒரு செய்திக்கு எத்தனை வேண்டும்?

கேட்டதையெல்லாம் பரப்பும் அவசரத்திலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக!