2 பி.ஏ. மரை

பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வகத்தில் கருவிகளைப் புரட்டிப் பார்த்தால் பலவற்றில் அம்பாலா என்றிருக்கும். ஹரியானாவின் அந்த கன்டோன்மென்ட் ஊருக்கு இதுவே தொழில். முழுக் கருவி கேட்டால் மறுநாளே விலைப்பட்டியல் வந்துவிடும். ஒரேயொரு திருகு கேட்டுப் பாருங்கள், பதிலே வராது. அதற்குக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பாயிடம்தான் போக வேண்டும்.

சென்னைப் பாரிமுனைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் அவர் பட்டறை. சின்ன லேத், ஒரு வைஸ், கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ், பிஸ்கட் டப்பாக்கள் நிறையத் திருகுகள். எங்கள் பள்ளியின் டேஞ்சன்ட் கால்வனாமீட்டரையும் ஸ்பெக்ட்ரோமீட்டரையும் மேசைமேல் வைத்தேன்.

கால்வனாமீட்டரில் முள் திரும்ப மறுத்தது. பாய் திசைகாட்டிப் பெட்டியைத் திறந்தார். "ஊசி மழுங்கிப்போச்சு சார். பசங்க பொட்டிய டொக்குன்னு வைக்கிறாங்க." முள் உட்காரும் ஊசிமுனையை எண்ணெய்க் கல்லில் சாய்த்து, விரலால் உருட்டி உருட்டித் தீட்டினார். லென்ஸில் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி தீட்டுவார். பிறகு, நான் கேட்காமலே, ஒரு காந்தத்தை எடுத்துப் பெட்டியின் திருகுகள்மேல் ஓட்டினார். ஒன்று டக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளைத் திருகு தொலைந்த இடத்தில் யாரோ இரும்பைப் போட்டிருக்கிறார்கள்! புவிக் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறை அளக்கும் கருவி இது. சென்னையில் அது சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். இவ்வளவு மெலிந்த புலத்தில் முள்ளுக்குப் பக்கத்திலேயே இரும்பு இருந்தால் அளவு பிசகாமல் என்ன செய்யும்? பிராக்டிகல் நோட்டுகளில் மட்டும் விடை சரியாகவே வந்திருக்கும். அது வேறு கதை.

ஸ்பெக்ட்ரோமீட்டரின் சங்கதி இன்னும் மோசம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குவரை அளக்கக்கூடிய கருவி, தொலைநோக்கியை மெல்ல நகர்த்தும் திருகு இல்லாததால் அலமாரியில் முடங்கிக் கிடந்தது. பழைய கருவி என்பதால் உள்ளே இருப்பது பி.ஏ. மரை, பிரிட்டிஷ் அசோசியேஷன் 1884-இல் பரிந்துரைத்த அளவு. கடையில் கிடைப்பதெல்லாம் மெட்ரிக். 2 பி.ஏ. திருகின் விட்டம் 4.7 மில்லிமீட்டர், புரியிடைத் தூரம் 0.81. மெட்ரிக் எம்5-இல் அவை 5-ம் 0.8-ம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பி.ஏ. புரியின் கோணம் 47½ பாகை, மெட்ரிக்கில் 60. "நம்மாளு ஸ்பேனர் வச்சு முறுக்குவான். உள்ளே திரெட்டு வழிச்சிக்கினு போயிடும்." நல்லவேளை, எங்களுடையதை யாரும் முறுக்கியிருக்கவில்லை. பித்தளைக் கம்பியை லேத்தில் கடைந்து, டையால் புரி வெட்டி, தலையில் வரிப்பள்ளம் போட்டுக் கொடுத்தார்.

இரண்டுக்கும் சேர்த்து 600 ரூபாய். கொடுத்தது துண்டுச் சீட்டு. பள்ளிக்கூடத்தில் ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் காசு பெயராது, ஆடிட்டில் கேட்பார்கள். புதுக் கருவியே வாங்கினால் பில் உண்டு, கேள்வி இல்லை. அதனால்தான் ஒரு திருகு போனாலும் கருவியையே கண்டம் செய்து கழித்துவிடுகிறார்கள்.

கண்டமான கருவிகளைப் பள்ளிகள் பாய்க்கு நேரடியாகக் கொடுக்கவும் முடியாது. ஏலத்தில் காயலான் கடைக்காரர் கிலோக் கணக்கில் எடுக்கிறார். பாய் அவரிடம் போய், பித்தளை விலைக்கு மேலேயே கொடுத்து, உள்ளேயிருக்கும் ஊசிகளையும் திருகுகளையும் வாங்கி வருகிறார்.