கட்ச் மண்ணில் வல்லத்துக் கரணை

செஞ்சிக்கு வருவோர் ராஜகிரியின் உச்சியை அண்ணாந்து பார்ப்பர், களஞ்சியத்துக்குள் நின்று குரல் எழுப்பி எதிரொலி கேட்பர், திரும்பிவிடுவர். அவ்வட்டாரத்திலேயே இருக்கும் எங்கள் வல்லத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை. பார்ப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது? கருங்கற் குன்றுகள், நெல் வயல்கள், மல்லாட்டைக் கொல்லைகள். ஆனால், கல்லின் குணமறிந்த கொத்தனார்கள் இவ்வூரில் உண்டு. அவர்களுள் ஒருவர் என் தாய்மாமா. அவரோடு நான் சென்ற பயணத்தையே இங்கு எழுதுகின்றேன்.

2001ஆம் ஆண்டு ஜனவரி 26, வெள்ளிக்கிழமை. குடியரசு நாள் காலை 8.46 மணிக்கு குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியது. அஞ்சார் நகரில் கொடியேந்தி ஊர்வலம் சென்ற பள்ளிப் பிள்ளைகள் குறுகிய தெருவில் இருபுறக் கட்டடங்களும் சரிந்ததால் சிக்கிக்கொண்டனர். 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் அவ்விடத்திலேயே மாண்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர்களுக்கான நினைவிடம் 2022இல் திறக்கப்பட்டது.

அப்போது நான் வரலாறு பயின்ற இளங்கலை மாணவன். கோடை விடுமுறையில், பள்ளிகளைக் கட்டித்தர ஆள் வேண்டும் என்ற செய்தி வந்தபோது முதலில் எழுந்தவர் மாமாதான். "படித்த பையன், உருது தெரியும், நீயும் வா" என்று என்னையும் இழுத்துக்கொண்டார். சென்னையிலிருந்து அகமதாபாத் வரை ரயில், பின்னர் பேருந்து. சூரஜ்பாரிப் பாலத்தைத் தாண்டியதும் இருபுறமும் உப்பளம், அதற்கப்பால் இடிபாடு.

நாங்கள் பணியாற்றியது புஜ் நகருக்கு வடக்கே, பன்னி என்னும் புல்வெளிப் பகுதியை ஒட்டிய ஒரு சிற்றூரில். கால்நடை மேய்க்கும் முஸ்லிம் குடும்பங்கள். பள்ளிக்கூடம் கல்லும் மண்சாந்துமாகக் கட்டப்பட்டது, குவியலாகக் கிடந்தது. அதன் அருகிலேயே 'பூங்கா' எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகள், கூரை வேய்ந்தபடி அப்படியே நின்றன! மூலைகளே இல்லாத சுவர், பாரமற்ற கூரை. அரசு கட்டிய பள்ளி விழ, மேய்ச்சல்காரர் குடிசை நின்றதைக் கண்டு மாமா நெடுநேரம் பேசவில்லை.

பிறகு இடிந்த சுவரைக் கிளறிப் பார்த்தார். வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவில் பொடிக்கல். இரு வரிசைகளையும் கோத்துப் பிடிக்கும் நீளக்கல் எங்குமில்லை. குலுக்கலில் இரண்டும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. "முப்பது வருஷமாக நானும் இப்படித்தானே கட்டினேன்" என்றார். 1993இல் லாத்தூரில் ஏறக்குறைய 10,000 பேரைக் கொன்றதும் இத்தகைய கற்சுவர்களே.

புதிய பள்ளிக்கு அடித்தளத்திலும் கதவுத் தலைமட்டத்திலும் கூரைக்குக் கீழும் அறையைச் சுற்றிக் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை போடப்பட்டது; மூலைகளில் செங்குத்தாகக் கம்பி. கதவும் சன்னலும் மூலைக்கு அருகில் வரக்கூடாது. கவ்டா என்ற ஊரில், எங்கள் மாவட்டத்து ஆரோவில் மண் கட்டட நிலையத்தார், சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்திய உள்ளீடற்ற மண்கற்களை அடுக்கி, துளைகளில் கம்பி இறக்கிக் கட்டும் முறையைக் காட்டினர். பக்கத்து ஊர்க்காரர்களைக் காண ஆயிரம் மைல் செல்ல வேண்டியிருந்தது!

அங்கே பெருந்துன்பம் தண்ணீர்தான். கட்டிய பட்டையை நாள்தோறும் நனைக்காவிட்டால் அது இறுகாது. தண்ணீரோ லாரியில் வந்தது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. ஒரு மாலை, வயது முதிர்ந்த ஓர் அம்மையார் அரைக்குடம் நீருடன் வந்து பட்டையின்மீது மெல்ல ஊற்றினார். தடுத்த என்னிடம், "பேரப்பிள்ளை குடிக்கிற தண்ணீர்தான். அவன் இதற்குக் கீழேதானே உட்காரப் போகிறான், மகனே" என்றார். மறுநாள் முதல் குடங்கள் வரிசையாக வரத் தொடங்கின.

ஊர் திரும்பினோம். அவ்வாண்டே செப்டம்பர் 25 இரவு, இஷா முடிந்து வீடு வந்த நேரம், பாத்திரங்கள் கலகலத்தன. புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம் அது. மறுநாள் சுபுஹுக்குப் பின் மாமா மதரஸாச் சுவரைத் தட்டிக்கொண்டு நின்றார். அதே இரு வரிசைக் கல், அதே பொடிக்கல்.

பெரியவர்களிடம் சொன்னோம். "இங்கே பூகம்பமா? செஞ்சிக் கோட்டையே நிற்கிறதே!" என்று ஒருவர் நகைத்தார். அவரையும் அழைத்துக்கொண்டு மாமா கோட்டைக்குச் சென்றார்; நானும் உடன் சென்றேன். சாதத்துல்லா கான் பள்ளிவாசலின் முன் நின்று, "நிற்பதைத்தான் காட்டுகிறீர்கள் அத்தா. இங்கே எத்தனை மாளிகை இருந்திருக்கும்? விழுந்ததெல்லாம் எங்கே?" என்று கேட்டார். சுற்றிலும் வெறும் அடித்தளங்கள். பெரியவர் விடையளிக்கவில்லை; எனினும் புதிதாகக் கட்டிய இரண்டு அறைகளுக்குப் பட்டை போட ஒப்பினார். மாமா கூலி வாங்கவில்லை. பழைய அறைக்குப் பணமில்லை என்று தள்ளிவைத்தார்கள்.

தள்ளிவைப்பது எத்தகையது என்பதைப் பின்னர் உலகம் கண்டது. 2005 அக்டோபர் 8, ரமளான் மாதத்துச் சனிக்கிழமை காலை, காஷ்மீரில் பூமி அதிர்ந்தபோது பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. பாகிஸ்தான் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 17,000 மாணவர்கள் மடிந்தனர். 2015 ஏப்ரல் 25இல் நேபாளம் அதிர்ந்ததும் சனிக்கிழமையே. அங்கு சனி விடுமுறை நாள். ஆயிரக்கணக்கான பள்ளிகள் இடிந்தும் வகுப்புகளில் பிள்ளைகள் இல்லை. கிழமையை நம்பியா நாம் பிள்ளைகளை அனுப்புகிறோம்?

மாமா மறைந்துவிட்டார், அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. அந்தப் பழைய அறையில் இன்று பாடம் நடத்துபவன் நான். இடிக்காமலே, சுவரின் இருபுறமும் கம்பிவலை பொருத்திச் சிமெண்ட் பூசிப் பட்டை கட்டலாம். துளையிட்டு இரு வரிசைகளையும் கோக்கலாம். உங்கள் ஊர் மதரஸாவின் சுவர் எத்தகையதென்று ஒரு கொத்தனாரை அழைத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்களுக்கு இவ்வாண்டுதான் பணம் சேர்ந்தது. விடுமுறையில் வேலை தொடங்கும், இன்ஷா அல்லாஹ். வாங்கிவைத்த கம்பிவலைச் சுருள் தாழ்வாரத்தில் நிற்கிறது. பிள்ளைகள் அதில் தங்கள் பைகளை மாட்டிவைக்கிறார்கள்.