கண்ணாடி இல்லாத முகமூடிகள்

போர்ட் மெக்நீலில் படகு ஏறும்போது ஜூலை மாதத்திலும் மழை தூறியது. கனடாவின் வான்கூவர் தீவின் வடகோடியில் இதையெல்லாம் யாரும் மழை என்று சொல்வதில்லை. முக்கால் மணி நேரத்தில் அலர்ட் பே. கரையோரச் சாலையில் நடந்தே ஊரைப் பார்த்துவிடலாம்.

நான் தேடிப்போனது உமிஸ்தா பண்பாட்டு மையத்தை. பக்கத்தில் வெற்று நிலம். செயின்ட் மைக்கேல்ஸ் உறைவிடப் பள்ளி நின்ற இடம் அது என்று பிறகுதான் தெரிந்தது. 1929இல் கட்டிய செங்கல் கட்டடம், 1974 வரை பள்ளி. வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த பழங்குடிப் பிள்ளைகள் தாய்மொழி பேசினால் அடி விழும். 2015 பிப்ரவரியில் அதை இடித்தபோது, அங்கே படித்தவர்கள் பலர் வந்து நின்று பார்த்திருக்கிறார்கள்.

மையத்தின் உள்ளே பொட்லாட்ச் முகமூடிகள். பொட்லாட்ச் என்பது இங்குள்ள க்வாக்வக்கவக்வ் பழங்குடி மக்களின் பெருவிருந்து. பெயர் சூட்டல், திருமணம், இறப்பு எல்லாம் அதில்தான் ஊரறிய நடக்கும். நம் மொய் விருந்தைத் தலைகீழாக்கினால் ஓரளவு பிடிபடும்: இங்கே விருந்து வைப்பவர்தான் வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர் சாட்சி. மொய் நோட்டு கிடையாது, அவர் நினைவுதான் நோட்டு.

கொடுத்தே அழிகிறார்கள் என்று சொல்லி கனடா அரசு 1885 முதல் 1951 வரை இதைத் தடை செய்திருந்தது. 1921 கிறிஸ்துமஸ் சமயத்தில் டான் க்ரேன்மர் என்பவர் வில்லேஜ் தீவில் ஒளிவுமறைவாக ஒன்று நடத்தினார். அரசு முகவர் வில்லியம் ஹாலிடேவுக்குத் தகவல் போய்விட்டது. முகமூடிகளை ஒப்படைத்தால் சிறை இல்லை என்று பேரம். மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள், முகமூடிகள் ஒட்டாவாவுக்கும் டொரன்டோவுக்கும் போயின. சிலவற்றை ஹாலிடே நியூயார்க் சேகரிப்பாளர் ஒருவருக்கு விற்றும்விட்டார்.

திருப்பித் தர ஒட்டாவா ஒப்புக்கொண்டபோதும், வைக்க அருங்காட்சியகம் கட்டு என்றது. கட்டினார்கள், 1980இல் திறந்தார்கள். ஆனால் அந்த முகமூடிகளை மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை. இத்தனை காலம் பூட்டிக் கிடந்தவை, இனியும் எதற்கு? ஒரு காக்கை முகமூடியின் அலகுக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன். கைகளைத் தானாகவே பின்னால் கட்டிக்கொண்டேன்.

பகைவர் சிறைபிடித்துப் போன ஒருவர் வீடு திரும்பினால், அவருக்கு உமிஸ்தா வாய்த்தது என்பார்களாம். அரசு அறிக்கைகளில் வரும் ‘நல்லிணக்கம்’ எனக்கு எப்போதும் கையில் நிற்காத சொல். உமிஸ்தா என்ற சொல்லை எடை போடலாம். 2003இல் பிரெஞ்சுக் கவிஞர் அந்தரே பிரெத்தோனின் மகள், அப்பாவின் சேகரிப்பில் இருந்த தலையணி ஒன்றைத் திருப்பித் தந்தார். அது உமிஸ்தா.

மொழிக்குத்தான் அப்படி ஒரு பெட்டி வந்து இறங்காது. இவர்கள் மொழியான க்வக்வலாவைச் சரளமாகப் பேசுகிறவர்கள் 200 பேர்கூட இல்லை, பெரும்பாலும் முதியவர்கள். மையம் எழுத்துமுறை வகுத்துப் பாடநூல்கள் போட்டது, ஊர்ப் பள்ளியிலும் கற்பிக்கிறார்கள். வரவேற்பு மேசைப் பெண் “கிலகஸ்லா” என்றார். வரவேற்புக்கும் நன்றிக்கும் அதே சொல். திருப்பிச் சொன்னேன். ழகரம் வரும் நாக்கு என்ற என் கர்வம், அடுத்து அவர் சொல்லித்தந்த தொண்டை ஒலியில் உடைந்தது. அவர் சிரித்துவிட்டார்.

மதியம் ‘பெரிய வீடு’ என்னும் சடங்குக் கூடத்தில் பிள்ளைகள் ஆடினார்கள். நடுவில் நெருப்பு, சுற்றிலும் செதுக்கிய தூண்கள். ஐந்து வயது இருக்கும் ஒரு பையன், எல்லோரும் இடப்பக்கம் சுழல, வலப்பக்கம் சுழன்றுகொண்டிருந்தான். பெஞ்சிலிருந்த பாட்டி ஏதோ ஒரே ஒரு சொல் சொன்னார், ஆங்கிலத்தில் இல்லை. பையன் திரும்பிக்கொண்டான்.